லீவரைக் கடைசியில் வாங்குங்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சொந்தக் கையால் வண்டி கட்டுகிற பட்டறைக்காரர்களுக்கும் ஐடிஐ, பொறியியல் மாணவர்களுக்கும்,



பழைய பைக் எஞ்சினைக் கழற்றிக் கரும்புக் கொல்லைக்குச் சுமைவண்டி கட்டுகிறீர்கள். பேட்டரியும் மோட்டாரும் வாங்கித் தர்பூசணி ஏற்ற மூன்று சக்கர வண்டி செய்கிறீர்கள். கடைசி ஆண்டு புராஜெக்டுக்காகச் சதுரக் குழாய்களை வெல்டு வைத்து நான்கு சக்கரத்தின் மேல் நிறுத்துகிறீர்கள். இப்படிப் பிறக்கிற வண்டிகளில் எஞ்சினுக்கு ஒரு வாரம் யோசனை நடக்கிறது, சேசிஸுக்கு இன்னொரு வாரம். ஹேண்ட் பிரேக் நினைவுக்கு வரும்போது வண்டிக்குப் பெயின்ட் அடித்தாகியிருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் காயலாங்கடைக்குப் போய்க் கைக்கு அடக்கமான ஒரு லீவரை எடுத்து வருவார். கேபிள் எட்டுகிற இடத்தில் அதை போல்ட் போட்டு முடுக்குவார்கள். இழுத்தால் டிக் டிக் என்று சத்தம் வரும். வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஆக, ஹேண்ட் பிரேக் கடைசியில் யோசிக்கப்படுகிறது. யோசித்த மறு நிமிடமே லீவர் வாங்கப்படுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் இந்த மடலின் வேண்டுகோள். ஹேண்ட் பிரேக்கை முதலில் யோசியுங்கள், லீவரைக் கடைசியில் வாங்குங்கள்.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடுவது நல்லது. இந்த மடல் யாருக்கும் ஜிஎஸ்டி சாலையில் ஓட்ட அனுமதிச் சீட்டு இல்லை. பதிவு பெறாத மோட்டார் வாகனம் பொதுச்சாலைக்கு வரக்கூடாது. பதிவான வண்டியையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே நான் பேசுவது கொல்லையிலும், குவாரி வளாகத்திலும், அரிசி ஆலை முற்றத்திலும், கல்லூரி மைதானத்திலும் ஓடுகிற வண்டிகளைப் பற்றி. அப்படியானால் ஹேண்ட் பிரேக்கை யார் வந்து சோதிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஒருவரும் வரமாட்டார்கள், கவலையே அதில்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96ஆம் விதி பெரும்பாலான நான்கு சக்கர வாகனங்களுக்கு மிதி பிரேக், நிறுத்து பிரேக் என்று ஒன்றையொன்று சாராத இரண்டு அமைப்புகளைக் கேட்கிறது. தொழிற்சாலையில் பிறக்கும் வண்டிக்கு அதைச் சரிபார்க்க ஓர் அதிகாரி உண்டு. உங்கள் வண்டிக்கு நீங்கள்தான் அந்த அதிகாரி.

"நம்ம ஊர் சமதரைதானே, இங்கே எதற்கு ஹேண்ட் பிரேக்?" என்பது அடுத்த கேள்வி. செஞ்சிப் பக்கம் போனால் மலை இருக்கிறது, மற்றபடி மரக்காணம் வரை தட்டையான மண்தான் என்பது உண்மை. ஆனால் வண்டி நிற்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ஏரிக்கரை மேல் ஏறும் வண்டிப்பாதை, மூட்டை ஏற்றும் மேடைக்குப் போகும் சாய்தளம், கல்குவாரிக்குள் இறங்கும் தடம், வாய்க்காலைத் தாண்டப் போட்ட மண்மேடு. சமவெளியில் சரிவுகள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை. அதோடு, சுமையை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் அந்தச் சரிவுகளில்தான். ஊர் சமதரை என்பதால் சரிவில் நிறுத்தும் பழக்கமும் நமக்குக் கிடையாது. சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் மேல்முனையைத் தரையில் ஊன்றி, ரசமட்டம் வைத்துப் பலகையைக் கிடையாக்குங்கள். கீழ்முனைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறதோ, அத்தனை சதவீதச் சரிவு. உங்கள் வண்டி போகிற இடங்களில் மிக மோசமான சரிவு எது என்று இப்படி அளந்து எழுதி வைப்பதுதான் ஹேண்ட் பிரேக் வேலையின் முதல் நாள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: ஐ.நா.வின் 13ஆம் எண் வாகன விதி, முழுச் சுமையோடு இருக்கும் சரக்கு வாகனம் 18 சதவீதச் சரிவில் நிறுத்து பிரேக்கால் மட்டுமே அசையாமல் நிற்க வேண்டும் என்கிறது. உங்கள் அளவு அதைவிடக் குறைவாக வந்தாலும் 18ஐயே குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தும் கலை நமக்குப் புதியதில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் மாசித் தேர் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. அந்த வகையில் அதுவும் நம் மாவட்டத்தின் பழைய 'சொந்தமாகக் கட்டும் வண்டி'தான். எந்த ஊர்த் தேரானாலும் வடம் பிடிப்பவர்கள் ஊரார். நிறுத்துகிறவர்களோ சக்கரத்தோடு ஒட்டி நடக்கிற, முட்டுக்கட்டை போடத் தெரிந்த சிலர். காரியத்தைக் கெடுப்பவரைக் குறிக்க அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோம். தேர்க்காரர்களைக் கேட்டால் அதுதான் உயிர் காக்கும் கட்டை என்பார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது. அதன் பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஓடுகிற எடையைத் தணிக்க எண்ணெய் அழுத்தம், அசையாமல் நிறுத்த மரமும் உராய்வும் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஓட்டத்தைக் குறைப்பது ஒரு வேலை, நின்றதை நிற்க வைப்பது இன்னொரு வேலை என்ற பாகுபாட்டை அங்கேயே பார்க்கலாம். ஹேண்ட் பிரேக் இரண்டாவது வேலைக்கானது.

இப்போது கணக்கு. சுமையோடு 800 கிலோ எடையுள்ள மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். 18 சதவீதச் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 142 கிலோ. ஆட்டோவில் வருகிற அளவுள்ள சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். டிரம்மின் உள் ஆரம் 9 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பின்சக்கரம் இரண்டும் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொரு டிரம்மிலும் சுமார் 158 கிலோ உராய்வு வேண்டும். நல்ல நிலையிலுள்ள ஷூ ஜோடி, ஒவ்வொரு ஷூவையும் விரிக்கும் விசையைப் போல இரண்டு மடங்கு உராய்வு தருவதாகக் கொண்டால் விரிக்கும் விசை 79 கிலோ. டிரம் மேலுள்ள கேம் கை ஐந்து மடங்கு பெருக்கினால், ஒரு கேபிளில் 16 கிலோ இழுவை போதும். இரண்டு கேபிளுக்கு 32. கேபிள் உறைக்குள் உரசுவதில் கால் பங்கு போனால் லீவரின் அடியில் 42 கிலோ தேவை. லீவர் ஆறு மடங்கு பெருக்கினால் கையில் வெறும் 7 கிலோ. இவ்வளவுதானா என்று தோன்றும். பெயின்ட் காயாத வண்டியில் எந்த லீவரும் பாஸாகிவிடுவதற்கு இதுதான் காரணம். இதே வண்டியை மூன்று பருவம் கழித்துப் பாருங்கள். 800 கிலோவுக்குக் கட்டிய வண்டியில் சுமையோடு 1500 கிலோ நிற்கிறது. சேறும் கிரீஸும் பட்ட லைனிங் பாதிப் பிடிதான் தருகிறது. உப்புக்காற்றிலும் கரும்புச் சேற்றிலும் துருவேறிய கேபிள் இழுவையில் பாதியை உறைக்குள்ளேயே விழுங்குகிறது. அப்போது கையில் தேவைப்படுவது ஏறக்குறைய 40 கிலோ. கார்களுக்கான ஐ.நா. விதி கையால் இழுக்கும் விசைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 400 நியூட்டன், அதாவது இதே 40 கிலோ சொச்சம். லீவரை இந்த இரண்டாவது கணக்குக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும். கணக்கின் வழி இதுதான்.

அப்படியானால் பெருக்கம் அதிகமுள்ள நீளமான லீவராக வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததா? கடப்பாரையால் பாறையை நெம்புகிறவருக்கு விடை தெரியும். பிடி எவ்வளவு நீளமோ அவ்வளவு லேசு. ஆனால் கை ஒரு முழம் இறங்கினால் பாறை விரலளவுதான் எழும். லீவரிலும் அதே பேரம். கீல் ஆணியிலிருந்து கைப்பிடிக்கு 30 சென்டிமீட்டர், கேபிள் மாட்டும் துளைக்கு 5 சென்டிமீட்டர் என்றால் பெருக்கம் ஆறு. கை 24 சென்டிமீட்டர் நகர்ந்தால் கேபிள் 4 சென்டிமீட்டர் வரும். ஷூ டிரம்மைத் தொட்டு இறுகவே ஒன்றரை சென்டிமீட்டர் போய்விடும் என்று வையுங்கள். லைனிங் தேய்மானமும் கேபிள் நீட்சியும் இன்னொரு சென்டிமீட்டரைத் தின்னும். இருந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டர் கையிருப்பு உண்டு. இதையே பத்து மடங்கு லீவராக்கினால் கேபிளுக்குக் கிடைப்பது 2.4 சென்டிமீட்டர். கை லேசாக இருக்கும், லீவர் முழுக்க நிமிர்ந்து நிற்கும், வண்டி மெல்ல நகரும். "இழுத்துத்தானே விட்டேன்" என்று பிறகு சொல்வதில் பயனில்லை. ஆகவே கடையில் லீவரை எடுத்ததும் பார்க்க வேண்டியது அதன் நீளத்தையோ குரோம் பளபளப்பையோ அல்ல. கீலிலிருந்து இரண்டு தூரங்களையும் ஸ்கேலால் அளந்து வகுத்துப் பாருங்கள். கேபிள் எவ்வளவு வருகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் டிரம் கேட்கும் நகர்வைப் போல ஒன்றரை மடங்காவது லீவர் கொடுக்க வேண்டும்.

லீவரின் இனமும் கணக்கில் சேரும். இருக்கைகளுக்கு நடுவே மேலே தூக்கும் கார் லீவர், பல்வரிசையும் அதில் விழும் நாக்கும் கொண்டது. எத்தனை பல் ஏறுகிறது என்று காதால் எண்ணலாம். போன மாதம் ஐந்தாம் பல்லில் பிடித்தது இப்போது எட்டில் பிடித்தால், அது கேபிளோ லைனிங்கோ அனுப்பும் செய்தி. டேஷ்போர்டுக்கு அடியில் நேராக இழுக்கும் 'டி' கைப்பிடி இடத்தை அடைக்காது. ஆனால் அதில் பெருக்கமே இல்லை, இழுத்த விசைதான் கேபிளுக்குப் போகும். நடுவில் ஒரு நெம்பு தகட்டைச் சேர்க்காமல் அதைச் சுமைவண்டிக்கு நம்பக்கூடாது. ஃபோர்க்லிஃப்டில் காணும், ஒரு புள்ளியைத் தாண்டியதும் படக்கென்று மடங்கிப் பூட்டிக்கொள்ளும் லீவர், இழுக்கச் சுகமானது. அதற்குப் பல் கிடையாது, எப்போதும் ஒரே இடத்தில்தான் பூட்டும். லைனிங் தேய்ந்தாலும் அதே சத்தத்தோடு அதே இடத்தில் உட்காரும். பிடி மட்டும் குறைந்திருக்கும். வாரம் ஒருமுறை திருகி முறுக்கேற்றும் ஒழுக்கம் உள்ளவருக்கு அது நல்லது. பலர் கை மாறி ஓட்டும் வண்டிக்குப் பல் வைத்த லீவர்தான் என் தேர்வு, ஏனென்றால் அது தன் தேய்மானத்தைத் தானே சொல்கிறது.

மாணவர்களுக்கு என்று தனியாக ஒன்று. ராலி வீடியோக்களில் காரைச் சுழற்றுகிற, நெட்டுக்குத்தாக நிற்கும் ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக்கின் மேல் உங்களுக்கு ஒரு கண் இருக்கும். அது ஓடும் காரின் பின்சக்கரங்களை ஒரு நொடி பூட்ட உண்டான கருவி. அதன் பிடி அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தில் இருக்கிறது. சீலில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தாலும் சில மணி நேரத்தில் அழுத்தம் இறங்கும். சூடான டிஸ்க் ஆறிச் சுருங்கினாலும் பிடி தளரும். நின்ற வண்டியைப் பிடித்து வைக்கும் பாகம் சுத்தமாக மெக்கானிக்கலாகப் பூட்டப்பட வேண்டும் என்று உலக விதிகள் வற்புறுத்துவது இதனால்தான். பெரிய வண்டிகளில் காற்று பிரேக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் போன்ற கனரக வண்டிகளில், ஸ்பிரிங் பிரேக் சேம்பர் உள்ளவற்றின் வேலையைக் கவனியுங்கள். ஓட்டுநர் அந்தச் சின்னக் குமிழைப் போடும்போது காற்று உள்ளே போவதில்லை, வெளியேறுகிறது. காற்று அதுவரை அமுக்கி வைத்திருந்த முரட்டு ஸ்பிரிங் விடுபட்டு பிரேக்கைப் பிடிக்கிறது. குழாய் அறுந்து காற்று போனாலும் பிரேக் விழும். காற்று வண்டியை விடுவிக்கிறது, இரும்பு பிடித்து நிறுத்துகிறது. சிறிய வண்டிக்கு அந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது. ஆனால் அதற்குள்ளிருக்கும் கேள்வி இலவசம்: எது அறுந்தால் என்ன நடக்கும்?

அந்தக் கேள்வியோடு உங்கள் கேபிளைப் பின்தொடர்ந்து போனால், பிரேக் உட்கார்ந்திருக்கும் இடம் வரும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை; கியர் பெட்டிக்குப் பின்னால், ஷாஃப்டில் ஒரு டிரம். டிஃபரன்ஷியலின் பல் விகிதமே பெருக்கம் தருவதால் சிறிய டிரம்மே பெரிய பிடி கொடுத்தது. ஆனால் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருளும். நம் பட்டறை வண்டிகளில் இதே யோசனை செயின் வண்டியாக வருகிறது. மோட்டார்ப் பக்கத்து ஸ்பிராக்கெட்டில் ஒரு பிரேக்கை வைத்து முடித்துவிடுகிறார்கள். செயின் கழன்றால் பிரேக் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். அது ஏற்றத்தில் சுமை இழுக்கும்போதே நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹேண்ட் பிரேக் சக்கரத்தின் மையத்திலேயே இருக்கட்டும், இரண்டு பின்சக்கரத்திலும் இருக்கட்டும். இரண்டு கேபிளையும் நடுவில் ஆடும் ஒரு சமன்கட்டையில் சேருங்கள். ஒரு பக்க ஷூ முன்னதாகத் தொட்டாலும் இழுவை சரிபாதியாகப் பிரியும்.

"கியரில் போட்டு நிறுத்தினால் போதாதா?" பெட்ரோல், டீசல் எஞ்சினில் அது ஓரளவு பிடிக்கும், பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய எஞ்சினில் அழுத்தம் கசிந்து, வண்டி சற்று நேரத்துக்கு ஒருமுறை ஒரு குலுங்கல் குலுங்கி இறங்கும். மின்சார வண்டியில் அந்த ஆறுதலும் இல்லை. சாவியை அணைத்தால் மோட்டார் ஏறக்குறைய வெற்று உருளை. இன்று நீங்கள் கட்டுவதில் பேட்டரி வண்டிகள் பெருகிவருவதால் இந்தப் பழைய நம்பிக்கை இப்போதுதான் அதிக ஆபத்தானது. "கல் வைக்கிறோமே?" வையுங்கள், நல்ல பழக்கம். ஆனால் கல் வைக்க ஓட்டுநர் இறங்க வேண்டும். அவர் இறங்கிக் கல் தேடும் அந்த அரை நிமிடம் வண்டியை எது பிடித்திருக்கும்? இரண்டு ஆள் இருந்தால்தான் கல் பிரேக் ஆகும். எடுக்க மறந்த கல், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்கு எமன். கல் இரண்டாவது காவல். முதல் காவல் லீவர்தான்.

செலவு என்பது நியாயமான ஆட்சேபம். மொத்த வண்டியையே சிக்கனமாக முடிக்க நினைப்பவரிடம் எல்லாம் புதிதாக வாங்கச் சொல்வது பொருந்தாது. காயலாங்கடைப் பொருள் தப்பில்லை. துண்டு துண்டாக எடுப்பதுதான் தப்பு. ஒரு காரின் லீவர், இன்னொரு வண்டியின் கேபிள், மூன்றாவதின் டிரம் என்று சேர்த்தால் பெருக்கமும் நகர்வும் ஒன்றோடொன்று பேசாது. ஒரே வண்டியிலிருந்து லீவர், சமன்கட்டை, டிரம் முழுவதையும் ஒரு குடும்பமாக எடுங்கள். அந்தக் கணக்கை ஒரு தொழிற்சாலை ஏற்கெனவே போட்டு முடித்திருக்கிறது; அந்த வண்டியின் எடை உங்கள் வண்டியின் முழுச்சுமையைவிடக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எதில் சிக்கனம் பிடித்தாலும் கேபிளை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய லீவரின் பல்முனை மழுங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பட்டனை அமுக்காமல் லீவரைக் கீழே தட்டினால் நாக்கு நழுவுகிறதா என்று பாருங்கள். மழுங்கிய பல்லுக்கு வெல்டு வைத்து அரம் போடாதீர்கள். அந்தப் பற்கள் கடினமாக்கப்பட்ட எஃகு. வெல்டிங் சூட்டில் கடினம் போய், புதுப் பல் போலத் தெரியும் மெழுகுப் பல் ஆகிவிடும். லீவரை மெல்லிய தகட்டுத் தரையில் நேரடியாகப் போல்ட் போடுவதும் வீண். இழுக்கும்போது தரை வளைந்தால் கேபிள் நகராது. அடியில் கனமான தகடு கொடுங்கள், முடிந்தால் சேசிஸ் குழாயோடு சேருங்கள்.

எங்கே பொருத்துவது என்பதில் அழகைவிட மனிதர்களை நினையுங்கள். ஓட்டுநர் உட்கார்ந்தபடியே முழு பலத்தோடு இழுக்க வேண்டும். வேட்டியோ துப்பட்டாவோ சிக்கக்கூடாது. மூட்டை ஏற்றுகிறவர் அதன்மேல் கால் வைத்து ஏற வழி இருக்கக்கூடாது. விடுவிப்பதற்கு இரண்டு செயல் தேவைப்பட வேண்டும்: சற்றுத் தூக்கி, பிறகு பட்டனை அமுக்கி. நிறுத்திய வண்டி நம் ஊரில் குழந்தைகளின் விளையாட்டு மைதானம். ஒரு தட்டில் விடுபடும் லீவர் அந்த மைதானத்தில் இருக்கக்கூடாத பொருள்.

கடைசியில், கணக்கு சரியா என்பதைக் கணக்கு சொல்லாது, சரிவு சொல்லும். நீங்கள் அளந்த மோசமான சரிவில், உச்சச் சுமைக்கு மணல்மூட்டை அடுக்கி, கீழே ஒருவரும் இல்லாமல், சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி முட்டுக்கட்டை போட்டு, வண்டியை நிறுத்துங்கள். மூக்கு மேலே பார்த்தபடி ஒருமுறை, கீழே பார்த்தபடி ஒருமுறை. மூக்கு கீழே இருக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போய், பூட்டிய பின்சக்கரம் சறுக்கினால் லீவரைக் குறை சொல்லாதீர்கள். சுமையைப் பின்னால் நகர்த்துங்கள். நின்றுவிட்டால் டயரிலும் அதற்கு நேரே தரையிலும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை இரண்டு கோடும் நேருக்கு நேர் இருந்தால், நீங்கள் வாங்கியது சரியான லீவர். அதன் பிறகு வண்டிக்குப் பெயின்ட் அடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகள் நிற்கும் சரிவுக்குக் கீழே நடந்துபோகும் ஊரார் சார்பில் ஒருவன்